ஒரு தும்பைக்கு மூன்று சீட்டு

பி.எஸ்ஸி. கடைசி வருஷம் தாவரவியல் செய்முறைத் தேர்வுக்குப் போக வேண்டுமானால், நாற்பது செடிகளைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஹெர்பேரியம் என்று பெயர். ஒவ்வொரு தாளின் வலதுபக்கக் கீழ்மூலையிலும் ஒரு லேபிள் இருக்கும். செடியின் அறிவியல் பெயர், அது சேர்ந்த குடும்பம், ஊரில் வழங்கும் பெயர், பறித்த இடம், நாள், பறித்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். எக்ஸ்டர்னல் என்று நாங்கள் சொல்லும், வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் ஒவ்வொரு தாளாகப் புரட்டுவார். பெயர் தப்பாக இருந்தால் அந்தத் தாள் கணக்கில் வராது. நாற்பது முப்பத்தொன்பதாகிவிட்டால் தேர்வறைக்குள் இடமில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு அடுத்த வருஷம் கிடையாது. நான் விருதுநகர்க் கல்லூரியில் சேர்ந்த அன்றே ஐயா சொல்லிவிட்டார்.

"மூணு வருசம் தாயி. நாலாவது வருசம்னு ஒண்ணு கெடையாது. அத்தைக்கு வாக்குக் குடுத்திருக்கேன். பாசாகி வேலைக்குப் போனா அவுக காத்திருப்பாக. இல்லேன்னா அடுத்து வர்ற தையில கல்யாணம்."

அத்தை மகன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். தாத்தா காலம்வரை அடுத்தவர் புஞ்சையில் வேலை பார்த்த குடும்பம். அம்மா எங்கள் ஊரான விஸ்வநத்தத்தில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டினாள். ஐயா திருத்தங்கலில் ஒரு அச்சாபீஸில் தாள் கட்டுகளைச் சுமந்தார். அந்த வீட்டிலிருந்து பட்டம் வாங்கும் இடம்வரை வந்துவிட்டு, நாற்பதாவது தாளில் தடுக்கி விழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் கெட்டிக்காரி. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. எங்கள் வகுப்பில் மற்றவர்கள் செடியின் பெயரை மனப்பாடம் செய்வார்கள். நான் பெயர் எப்படி வந்தது என்று தேடுவேன். பெயரின் முதல் பாதி பேரினத்தைச் சொல்லும், இரண்டாவது பாதி சிற்றினத்தைச் சொல்லும் என்று எங்கள் தாவரவியல் மிஸ் சொன்னபோது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் தெருவிலும் அப்படித்தான். முதலில் எந்த வகையறா என்று கேட்பார்கள். அதைச் சொன்ன பிறகுதான் ஆள் யார் என்பது. பல சிற்றினங்கள் ஒரு பேரினத்துக்குள், பல பேரினங்கள் ஒரு குடும்பத்துக்குள்.

ஆனால் ஊர் வைத்த பெயரை நம்பி உறவு பார்க்க முடியாது. கவிழ்தும்பை என்று ஒரு செடி உண்டு. நீலம் கலந்த பூவைத் தரையைப் பார்த்துத் தொங்கவிட்டு நிற்கும். பெயரில் தும்பை இருக்கிறதே தவிர, தும்பைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேறு குடும்பம். துளசிக்கும் தும்பைக்கும் பெயரில் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் இரண்டின் தண்டையும் விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தால் நாலு மூலை தட்டுப்படும். பூ இரண்டு உதடாகப் பிரிந்திருக்கும். அவை ஒரே குடும்பம். முதல் தடவை அப்படி உருட்டிப் பார்த்தபோது, வெளியே யாரும் பேசாத ஒரு குடும்ப விஷயம் எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது போல இருந்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டே இரவுச் சமையலுக்கு அரிசி களைவாள். ஒருநாள் சொன்னாள்:

"எங்க கம்பெனில ஒரே குச்சி, ஒரே மருந்துதான். வடக்க போற லோடுக்குக் கிளி லேபிள். கெழக்க போறதுக்குத் தாமரை. உன் செடிக்கும் அப்படித்தானா?"

"இல்லம்மா. ஒரு செடிக்கு ஒரே பேருதான். ரெண்டு பேரு வச்சுட்டா, மொதல்ல யாரு வச்சாகளோ அந்தப் பேருதான் நிக்கும்."

"அப்ப நம்ம வச்ச பேருதான நிக்கணும்? அவுக கப்பல்ல வர்றதுக்கு முன்னாடியே நம்ம தும்பையத் தும்பைன்னுதான சொன்னோம்?"

"புஸ்தகத்துல எளுதிப் போட்டாத்தான் சேத்தி."

"ம். எளுதத் தெரிஞ்சவுக வச்சதுதான் பேரு" என்று சொல்லிவிட்டு அம்மா உலையில் அரிசியைப் போட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு ஆசை வந்தது. எனக்கு எழுதத் தெரியும். நான் எழுதினால் என்ன?

செடி உலர்த்துவதற்கு என் வகுப்புப் பெண்கள் பழைய செய்தித்தாளைப் பயன்படுத்தினார்கள். அவர்களில் பாதிப் பேர் நிலபுலம் உள்ள வீட்டுப் பெண்கள். வீட்டில் தினம் பேப்பர் வரும், கட்டுக்கட்டாகச் சேரும். எங்கள் வீட்டில் பேப்பர் படிக்க என்னைத் தவிர யாரும் இல்லாததால் பேப்பர் வாங்கும் வழக்கமும் இல்லை. ஆனால் தாளுக்குப் பஞ்சமில்லை. மெஷினில் நிறம் ஒன்றோடொன்று பொருந்தும்வரை ஓட்டிப் பார்க்கும் தாள்களை அச்சாபீஸில் கழித்துப்போடுவார்கள். அதை ஐயா சுருட்டி எடுத்துவருவார். ஒரே தாளை முன்பக்கம், பின்பக்கம் என்று நாலைந்து தடவை ஓட்டியிருப்பார்கள். கிளியின் மேல் தாமரை, தாமரையின் மேல் புலி. எங்கள் வீட்டில் பரண் மறைப்பும் அதுதான், எனக்குப் புத்தக அட்டையும் அதுதான். ஆகவே செடிகளையும் அதற்குள் வைத்து, மேலே பலகை போட்டு, அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். எதிர்வீட்டு மதினி இதைப் பார்த்துவிட்டு, "ஒங்க வீட்ல இன்னைக்குப் புல்லுத் துவையலா?" என்று கேட்டாள்.

ஐப்பசி மழையில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் தும்பை பறித்தேன். பஸ் வந்துவிட்டது. அவசரத்தில் இரண்டு செடியை வேரோடு பிடுங்கித் தூக்குச்சட்டிக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். பறித்த இடத்திலேயே பூவின் நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், காய்ந்தால் நிறம் மாறிவிடும் என்று மிஸ் பலமுறை சொல்லியிருந்தார். தும்பைக்கு நிறம் குறிப்பதா? எதையாவது வெள்ளை என்று சொல்ல வேண்டுமானாலே தும்பையைத்தானே சொல்கிறோம்? குறிக்கவில்லை.

மழைக்காலத்தில் செடி லேசில் காயாது. தினமும் தாள் மாற்ற வேண்டும். இருந்த தாளெல்லாம் நமத்துப்போய்விட, ஐயா அன்றைக்கு ஓட்டிக் கழித்த தாளைக் கொண்டுவந்தார். மை வாசனை போகாத தாள். இரண்டு பக்கமும் அச்சு இருந்ததால், நிறம் குறைவாக இருந்த பக்கமாகப் பார்த்துச் செடியை வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, பூவின் கீழுதட்டில் சிவப்புப் புள்ளிகள். மிகச் சிறியவை. ஒன்றில் மட்டும் அல்ல, நாலைந்து பூக்களில். இலையைப் பார்த்தேன். சாதாரணத் தும்பையைவிட ஒடுங்கி நீண்டிருந்தது. கல்லூரியில் இருந்த தடித்த புத்தகத்தை எடுத்துத் தும்பைப் பேரினம் முழுவதையும் படித்தேன். லூக்காஸ் என்பது அதன் பெயர். கிரேக்கத்தில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சிவப்புப் புள்ளி உள்ள தும்பை எந்தப் பக்கத்திலும் இல்லை.

புத்தகத்தைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன். மிஸ்ஸிடம் காட்டினேன். அவர் அன்று முதலாண்டு மாணவிகளின் விடைத்தாள்களுக்கு நடுவில் இருந்தார். வெறும் கண்ணால் பார்த்தார்.

"நான் பார்த்ததில்லை. அதே இடத்துக்குப் போய் உயிரோடு இருக்கிற பூவைப் பார்த்துட்டு வா. அதுக்குப் பிறகு கோயம்புத்தூர்ல இருக்கிற பெரிய ஹெர்பேரியத்துக்கு அனுப்பலாம்" என்றார்.

போனேன். ஒரே ஒரு தடவை. ஆடு மேய்ந்து அந்த இடமே மொட்டையாக இருந்தது. இன்னொரு கரைக்குப் போயிருக்கலாம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போயிருந்தால் தரிசுக்காடு முழுக்கக் கிடைத்திருக்கும். போகவில்லை. போய்ப் பார்த்து அது வெறும் தும்பையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம் எனக்குள் இருந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அப்போது நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

லேபிளை எழுதினேன். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். ஓர் ஊரில் கிடைத்த செடிக்கு அந்த ஊரின் பெயரை லத்தீன் வால் சேர்த்து வைக்கலாம் என்று விதி உண்டு. லூக்காஸ் விஸ்வநத்தமென்சிஸ். எழுதி முடித்துவிட்டு நாலு தடவை வாய்விட்டுப் படித்தேன். மிஸ் அந்த வாரம் தாள்களை எல்லாம் மொத்தமாகக் கையெழுத்திட்டபோது அதிலும் கையெழுத்து விழுந்துவிட்டது.

பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. தெருவில் சொல்லிவிட்டேன். நம் ஊர்ப் பெயர் வெளிநாட்டுப் புத்தகத்தில் எல்லாம் வரப்போகிறது என்று.

"எங்க, இன்னொரு தரம் சொல்லு" என்றாள் மதினி.

"விஸ்வநத்தமென்சிஸ்."

"சளி புடிச்சவ தும்முன மாதிரில்ல இருக்கு. ஏன், தும்பைன்னா அவுகளுக்கு வாயில நொளையாதா?"

சிரித்தார்கள். ஆனாலும் அம்மாவின் கம்பெனியில் அந்தப் பேச்சு பரவிவிட்டது. கூட வேலை பார்க்கும் பெண்கள் வேலைக்கு வரும் வழியில் கண்ணில் பட்ட செடியை எல்லாம் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்தனுப்பினார்கள். ஒருத்தி வேப்பங்கொப்பை ஒடித்து அனுப்பி, "இதுக்கு எங்க கீழத்தெரு பேர வைக்கச் சொல்லுங்க" என்றாளாம். அம்மா அதையும் பத்திரமாகக் கொண்டுவந்தாள்.

பங்குனியில் தேர்வு. அதற்கு நாலு நாள் முன்னால், நாற்பது தாளையும் வைத்துக் கட்ட இரண்டு கெட்டி அட்டை வேண்டியிருந்தது. கேட்டு வாங்க ஐயாவின் அச்சாபீஸுக்குப் போனேன். ஐயா உள்ளே போய்த் தேடிக்கொண்டிருந்தார். நான் மெஷின் பக்கத்தில் நின்றேன். என் கழுத்தில் எப்போதும் ஒரு சின்ன லென்ஸ் கயிற்றில் தொங்கும். கழித்துப்போட்ட தாள் ஒன்று காலடியில் கிடந்தது. சும்மா நிற்பானேன் என்று எடுத்து, கிளியின் மூக்கில் லென்ஸை வைத்துப் பார்த்தேன்.

சிவப்பாகத் தெரிந்த மூக்கு சிவப்பாக இல்லை. புள்ளி புள்ளியாக இருந்தது. மிகச் சிறிய சிவப்புப் புள்ளிகள். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், கயிறு பிடித்து நட்டதுபோல வரிசை வரிசையாக.

மெஷின்காரர் என்னைப் பார்த்தார்.

"என்ன டாக்டரம்மா, கிளிக்குக் காய்ச்சலா?"

"அண்ணே, இது என்ன புள்ளி?"

"ஸ்கிரீன் புள்ளிம்மா. அது இல்லாம படத்துக்கு எப்படி நெறம் ஏறும்? எல்லா லேபிளும் அப்படித்தான்."

அட்டையை வாங்கிக்கொண்டேனா, ஐயாவிடம் சொல்லிக்கொண்டேனா என்பது நினைவில்லை. வீட்டுக்கு வந்து, தும்பைத் தாளை எடுத்து, வெளிச்சத்தில் வைத்து லென்ஸால் பார்த்தேன். இத்தனை மாதத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனால் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன், புள்ளி எப்படி நிற்கிறது என்று பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். வரிசை. ஒரு பூவின் உதட்டில் தொடங்கிய வரிசை, நடுவில் இருந்த இடைவெளியைத் தாண்டி, பக்கத்துப் பூவின் உதட்டில் அதே கோட்டில் தொடர்ந்தது. ஓர் இலையின் நுனியிலும் இரண்டு புள்ளி இருந்தது. எந்தச் செடியும் பூவைத் தாண்டிப் பக்கத்துப் பூவுக்குக் கோடு போடாது.

நான் கண்டுபிடித்த புதுச் சிற்றினம் கிளி மூக்கு.

மாலையில் அம்மா வந்தபோது நான் தாளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு அச்சுப் புள்ளி புரிந்தது, தப்பான பெயர் புரிந்தது, நாற்பது முப்பத்தொன்பதாகிவிட்டது என்பதும் புரிந்தது.

"வேற செடி ஒண்ணு பறிச்சு ஒட்டிரு."

"காயறதுக்கு ஒரு வாரமாவது வேணும். நாலு நாளுதான் இருக்கு."

"அப்ப இந்தச் செடியவே சரியான பேருல வச்சுக்கிட்டா?"

"வெறும் தும்பைன்னு எளுதலாம். ஆனா இந்த லேபிள் ஒட்டியாச்சு. மிஸ் கையெழுத்தும் போட்டாச்சு."

அம்மா தாளை வாங்கி, லேபிளின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். "மைதாப் பசைதான. ஈரத்துணிய மேல வச்சு, சித்த நேரம் பொறுத்து, மூலையிலருந்து சுருட்டுனா தோலு மாதிரி வந்துரும். தாள்ல தடம் இருக்காது. எம்புட்டுப் பெட்டிக்கு இப்படிக் களட்டியிருக்கேன் தெரியுமா? ஆர்டர் மாறிப்போச்சுன்னா கிளியக் களட்டிட்டு மானை ஒட்டுவோம். வாங்குறவன் கண்டானா? நீ புதுசா ஒண்ணு எளுதிக் குடு. பொளுது இருக்கும்போதே முடிச்சுருவோம்."

அம்மாவால் முடியும். அவள் விரல்களுக்கு அது விளையாட்டு. எழுந்துபோய்க் கிண்ணத்தில் தண்ணீரும் துணியும் எடுத்துவந்தாள். நானும் புது லேபிளை எழுதினேன். லூக்காஸ் ஆஸ்பெரா, சாதாரணத் தும்பையின் பெயர். எழுதி முடித்துவிட்டு, பழையதைப் பார்த்தேன்.

கல்லூரியில் எங்கள் துறை அலமாரிகளைத் துடைத்து அடுக்கும் வேலையை இரண்டாம் வருஷத்தில் எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் நான் பிறப்பதற்கு முன்பே யாரோ மலையில் பறித்த ஒரு செடி இருந்தது. அந்தத் தாளில் மூன்று பெயர்கள். முதல் லேபிளுக்கு மேலே, அதை மறைக்காமல், கொஞ்ச வருஷம் கழித்து வேறொருவர் ஒட்டிய சின்னச் சீட்டு. அது வேறு பெயர். அதற்கும் மேலே இன்னொரு சீட்டு. ஒவ்வொன்றிலும் எழுதியவர் பெயரும் தேதியும். யாரும் யாருடைய சீட்டையும் கிழிக்கவில்லை. மிஸ்ஸிடம் கேட்டபோது, "அதுதான் வழக்கம். முன்னால ஒருத்தர் என்ன நினைச்சார்னு தெரிஞ்சாத்தானே அடுத்து வர்றவர் யோசிக்க முடியும்" என்றார்.

இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தாள்தான். நான் அப்போது நினைத்துக்கொண்டது இது: எங்கள் ஊரில் பெயர் மாறினால் பழைய பெயர் இருந்த தடயமே இருக்காது. இவர்கள் தப்பையும் தேதி போட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

"வேண்டாம்மா" என்றேன். "களட்ட வேண்டாம். இந்தச் சீட்டை மேல ஒட்டு."

"தப்பு வெளிய தெரியுமேட்டி."

"தெரியட்டும்."

"அந்த ஆளு கணக்குல சேக்காட்டி?"

"தெரியலம்மா."

அம்மா ஈரத்துணியைப் பிழிந்து ஓரமாக வைத்தாள். "இம்புட்டுப் படிச்சும் களவாங்கத் தெரியலையே ஒனக்கு" என்றாள். ஆனாலும் சீட்டை வாங்கி, கோணாமல், பழைய லேபிளின் தலைக்கு மேல் அளவெடுத்ததுபோல ஒட்டினாள். சீட்டில் பெயருக்குக் கீழே நான் இப்படி எழுதியிருந்தேன்: பூவில் உள்ள சிவப்பு, தாளின் அச்சு மை. கீழே என் பெயர், அன்றைய தேதி.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். மறுநாளே மிஸ்ஸிடம் தாளைக் காட்டினேன். அவர் லென்ஸால் பார்த்துவிட்டு, "நானும் பார்க்காம கையெழுத்துப் போட்டிருக்கேனே" என்றார். பிறகு, "எக்ஸ்டர்னல் என்ன சொல்வார்னு என்னால சொல்ல முடியாது. ஆனா நீ இதை மாத்தாதே" என்றார்.

எக்ஸ்டர்னல் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்திருந்தார். வயதானவர். ஒவ்வொருத்தியின் கட்டையும் சீட்டுக்கட்டுப் புரட்டுவதுபோலப் புரட்டினார். எனக்கு முன்னால் இருந்தவளின் கட்டில் இரண்டு தாளை எடுத்துத் தனியே வைத்தார். அவளிடம் நாற்பத்தைந்து இருந்தன. நான் என் கட்டை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன்.

என் கட்டில் ஆவாரை, எருக்கு, நாயுருவி, குப்பைமேனி எல்லாம் ஓடின. தும்பையில் அவர் கை நின்றது.

"இந்தச் சீட்டு யார் போட்டது?"

"நான்தான் சார்."

"கீழே இருக்கிற லேபிள்?"

"அதுவும் நான்தான் சார்."

"தப்பும் நீங்க, திருத்தமும் நீங்களா?" லென்ஸை எடுத்துக் குனிந்தார். "அச்சு மையா? எப்படி வந்தது?"

"தீப்பெட்டி லேபிள் தாள்ல வச்சு உலர்த்தினேன் சார். வீட்ல நியூஸ்பேப்பர் கிடையாது."

"என்ன லேபிள்?"

"கிளி சார். மூக்கு."

அவர் நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு லென்ஸைப் பூவிலிருந்து தண்டுக்கு நகர்த்தினார். இலைக்கு நகர்த்தினார். சிரிப்பு நின்றது.

"ஆஸ்பெரான்னா என்ன அர்த்தம்?"

"சொரசொரப்புன்னு அர்த்தம் சார்."

"தொட்டுப் பாருங்க."

தொட்டேன். இலையின் மேல் விரலை ஓட்டினேன். தண்டின் மேல் ஓட்டினேன். சொரசொரப்பு இல்லை. துணிபோல மெத்தென்று இருந்தது. ஐந்து மாதமாக என் கையில் இருந்த செடி. புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் அதைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. புள்ளி பொய் என்று தெரிந்ததும், அப்படியானால் சாதாரணத் தும்பைதான் என்று எழுதிவிட்டேன். அந்த ஒடுங்கிய இலையை மறந்தே போனேன்.

"இந்தப் பேரும் தப்பு" என்றார்.

அவ்வளவுதான், முப்பத்தொன்பது என்று நினைத்தேன். அத்தை வீட்டு முற்றம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அவர் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்து, "அந்தத் தடிச்ச புத்தகத்தை இந்தப் பொண்ணுக்குக் கொடுங்க" என்றார். என்னிடம், "மத்தவங்க கட்டைப் பார்த்துட்டு வர்றேன். அதுக்குள்ள இது என்னன்னு சொல்லுங்க" என்றார்.

சுவரோரம் ஒரு முக்காலி இருந்தது. உட்கார்ந்தேன். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி இருக்கும். முடி சொரசொரப்பா, மென்மையா? இலை அகலமா, ஒடுக்கமா? பதிலைப் பொறுத்து அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். ஐப்பசியில் இதே பக்கங்களைப் புரட்டினேன். அப்போது என் செடி இதில் இருக்கக்கூடாது என்று புரட்டினேன். இப்போது இருக்க வேண்டும் என்று புரட்டினேன். கேள்விக்குப் பதிலைப் புத்தகத்தில் தேடாமல் செடியில் தேடினேன். பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணத்தின் வாய் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தேன். இலையின் அகலத்தை நகத்தால் அளந்தேன். நடுவில் தேர்வே மறந்துபோனது.

அவர் வந்து நின்றார்.

"லூக்காஸ் லினிஃபோலியா சார். ஆளி இலை மாதிரி இலை உள்ளது."

"நிச்சயமா?"

இரண்டு தடவை நிச்சயமாக இருந்து இரண்டு தடவையும் தப்பாகப் போனவள் நான். "இன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச அளவுல நிச்சயம் சார்" என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டுத்தாளை எடுத்து நீட்டினார். "எழுதுங்க. தேதி போடுங்க." எழுதினேன். கீழே அவர் கையெழுத்திட்டார். மேசையில் இருந்த கோந்தைத் தொட்டு, என் சீட்டுக்கு மேலே அவரே ஒட்டினார்.

"சார், இந்தத் தாள் கணக்குல வருமா?"

"கடைசிச் சீட்டு சரியா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு, என் பெயருக்கு நேரே நாற்பது என்று எழுதினார். "அது ஒண்ணும் அபூர்வம் இல்லை. வெறும் களைதான். ஆனா உங்க ஊர்ப் பக்கம் யாரும் பறிச்சு நான் பார்த்ததில்லை" என்றபடி அடுத்த தாளைப் புரட்டினார்.

தேறினேன். முதல் வகுப்பில். அதே துறையில், செய்முறை வகுப்புகளைக் கவனித்துக்கொள்ளும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலையும் கிடைத்தது. அத்தை வீட்டில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அத்தை மகன் என் சம்பளத்தைப் பற்றிக் கேட்காமல் லென்ஸைப் பற்றிக் கேட்டான். அதனால் எனக்கும் அவன்மேல் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கிறது.

மதினி மட்டும் விடவில்லை. "என்னாச்சு உன் தும்மல் பேரு?" என்று ஒருநாள் கேட்டாள். தப்பாகிப்போனதை அப்படியே சொன்னேன். அவள் எதிர்பார்த்தது வேறு. சண்டைக்கு வருவேன் என்று நினைத்திருப்பாள். "சரி விடு, இன்னும் எம்புட்டோ புல்லு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய ஆறுதல் யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த வருஷம் சீசன் முடிந்து கம்பெனிக்கு விடுமுறை விட்டபோது, அம்மாவைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். அவள் கல்லூரிக்குள் வருவது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். மிஸ் எழுந்து வந்து, "வாங்கம்மா, உட்காருங்க" என்றார். அம்மா உட்காரவில்லை. அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். அது இப்போது துறையின் சேகரிப்பில் இருக்கிறது.

அம்மா மூன்று சீட்டையும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நம்ம ஊரு பேரு எதுல இருக்கு?"

"அடியில. அது தப்பான பேருதான்."

"தப்புன்னு தெரிஞ்சும் களட்டமாட்டாகளா?"

"மாட்டாகம்மா. எப்பவும்."

அம்மா ஊர்ப் பெயரின் மேல் விரலை வைத்தாள். பிறகு விரல் தானாக மேலே ஊர்ந்து, எக்ஸ்டர்னல் ஒட்டிய சீட்டில் நின்றது. நகத்தால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"இது யாரு ஒட்டுனது? மூலை தூக்கிக்கிட்டு நிக்கி. பசை பத்தாது இதுக்கு."

மிஸ் சிரித்துக்கொண்டே கோந்துப் புட்டியை எடுத்து நீட்டினார். அம்மா அதை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள். பிறகு ஒரு துளி தொட்டு, மூலைக்கு அடியில் தடவி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது ஒட்டும்வரை நின்றாள்.